மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு வாருங்கள்: நூலக இணையதள அணுகல்தன்மை, கேள்வி பதில்

நூலகங்களின் தளங்களையும் இணையப் பட்டியல்களையும் எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது என் வேலை. நூலகத்தில் பணிபுரிபவர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், நான் புத்தகம் கொடுத்து வாங்கும் பிரிவில் இருக்கிறேன். நிரல் எழுதத் தெரியாது. நான் எப்படித் தளத்தைச் சோதிப்பது?

நிரல் தெரியாதவர் செய்யக்கூடிய சோதனைதான் இருப்பதிலேயே பலன் தருவது. மவுஸை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். மவுஸைப் பயன்படுத்த முடியாத வாசகரின் இடத்தில் நின்று பார்ப்பதுதான் இது, கீபோர்டு மட்டும் போதும். டேப் விசை முன்னே கொண்டுபோகும், ஷிஃப்டும் டேப்பும் சேர்ந்தால் பின்னே. என்டர் இணைப்பைத் திறக்கும், ஸ்பேஸ் பெட்டியில் டிக் போடும், எஸ்கேப் திறந்ததை மூடும். இப்போது உங்கள் வாசகர் செய்வதைச் செய்யுங்கள். ஒரு புத்தகத்தைத் தேடுங்கள், உள்நுழையுங்கள், முன்பதிவு செய்யுங்கள்.

போகும் வழியில் மூன்றைக் கவனியுங்கள். இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? வரிசை ஒழுங்காகப் போகிறதா, இல்லை தேடல் பெட்டியிலிருந்து திடீரென்று பக்கத்தின் அடிக்குத் தாவுகிறதா? உள்ளே போன இடத்திலிருந்து வெளியே வர முடிகிறதா? முதலாவதில்தான் பல தளங்கள் தோற்கின்றன. நிற்கும் இடத்தைச் சுற்றி உலாவி தானாகவே ஒரு கோடு போடும். அது அசிங்கமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் எடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவதற்கு ஓர் அனுபவம். ஒரு நூலகத்தின் முன்பதிவுப் பக்கத்தில் தேதி தேர்வு செய்ய ஒரு நாட்காட்டி விரிந்தது. டேப் அடித்து உள்ளே போனேன். 1, 2, 3 என்று 31 வரை போய், மறுபடி 1. எஸ்கேப் அடித்தாலும் மூடவில்லை. உலாவியையே மூடித்தான் வெளியே வந்தேன். மவுஸ் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

கேள்வி: லைட்ஹவுஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் எங்கள் தளத்துக்கு 100 மதிப்பெண் வந்திருக்கிறது. வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. லைட்ஹவுஸ், வேவ், ஆக்ஸ் போன்ற கருவிகள் எண்ணிப் பார்க்கக்கூடியதைத்தான் பார்க்கும். படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதற்குப் பதிலாக வாசித்துக்காட்டப்படும் சொற்கள், இருக்கிறதா என்று பார்க்கும், அது சரியா என்று அதற்குத் தெரியாது. ஒரு புத்தகத்தின் அட்டைக்கு வேறொரு புத்தகத்தின் பெயரை எழுதி வைத்தாலும் மதிப்பெண் குறையாது. நான் சொன்ன நாட்காட்டியும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற மாறுபாடு, பெயர் இல்லாத படிவப் பெட்டிகள் எல்லாவற்றையும் நொடியில் பிடித்துக் கொடுக்கும். முதலில் அதை ஓட்டுங்கள், அப்புறம் கீபோர்டை எடுங்கள்.

கேள்வி: புத்தக அட்டைப் படத்துக்கு மாற்று உரையாக என்ன எழுதுவது? அட்டையில் இருக்கும் ஓவியத்தையெல்லாம் விவரிக்க வேண்டுமா?

தேடல் முடிவுகளில் வேண்டாம். அட்டைக்குப் பக்கத்திலேயே தலைப்பு எழுத்தில் இருக்கிறதே, மாற்று உரையிலும் அதையே போட்டால் கேட்பவர் ஒவ்வொரு தலைப்பையும் இரண்டு முறை கேட்க வேண்டும். அங்கே மாற்று உரையைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவது வேறு, நிரலில் மாற்று உரைக்கான இடத்தையே (alt பண்பு) போடாமல் விடுவது வேறு. போடாமல் விட்டால், திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் சில நேரம் கோப்பின் பெயரையே எண்ணும் எழுத்துமாக வாசித்துக்காட்டும். தலைப்பு இல்லாமல் அட்டை மட்டுமே இணைப்பாக இருந்தால் புத்தகத்தின் பெயர் கட்டாயம் வேண்டும்.

நிகழ்ச்சிச் சுவரொட்டிதான் பெரிய தலைவலி. நாள், நேரம், இடம் எல்லாம் படத்துக்குள் இருக்கும், பக்கத்தில் ஒரு வரிகூட எழுத்து இருக்காது. அவற்றைப் படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தில் போட்டுவிடுங்கள். எல்லோருக்குமே வசதி.

கேள்வி: திரைவாசிப்பானை நானே ஓட்டிப் பார்க்கலாமா?

தாராளமாக. விண்டோஸில் என்விடிஏ இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரான ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்தது. ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கின்றன. என்விடிஏயில் 'எச்' விசை தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும், 'எஃப்' படிவப் பெட்டிகளுக்கு, 'கே' இணைப்புகளுக்கு. பேச்சை நிறுத்த கன்ட்ரோல். இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதறிவிடுவீர்கள்.

பக்கத்தைத் திறந்துவிட்டு மானிட்டரை அணைத்துவிடுங்கள். கண் திறந்திருந்தால் காது ஏமாற்றும். தேடல் பெட்டிக்குப் பெயர் கொடுக்காவிட்டால், பெட்டி இருக்கிறது, காலியாக இருக்கிறது என்பதோடு குரல் நின்றுவிடும். எதை எழுத வேண்டிய பெட்டி, நூலின் பெயரா, ஆசிரியரா, உறுப்பினர் எண்ணா? கேட்பவருக்குத் தெரியாது. 'இங்கே சொடுக்கவும்' என்று பத்து இணைப்புகள் இருந்தால் 'கே' அடிக்க அடிக்க அதுவேதான் பத்து முறை வரும்.

ஆனால் ஒரு மணி நேரம் பழகிய நீங்களும் தினமும் அதிலேயே வாழ்பவரும் ஒன்றல்ல. பார்வையற்ற வாசகர் ஒருவரை அழைத்து, அவருக்கு உரிய ஊதியமும் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் பட்டியலில் கிடைக்கும் நூலுக்குப் பச்சைப் புள்ளி, வெளியே போன நூலுக்குச் சிவப்புப் புள்ளி. தவறா?

புள்ளி இருக்கட்டும், பக்கத்தில் 'உள்ளது', 'இரவலில்' என்று எழுதிவிடுங்கள். பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர். எழுத்து நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் #777777 என்ற நிறக் குறியீட்டின் சாம்பல் 4.48 மட்டுமே வரும், மயிரிழையில் தோல்வி. #767676 தேறிவிடும்!

கேள்வி: பழைய இதழ்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போட்டிருக்கிறோம். திரைவாசிப்பான் வாசிக்கவே மாட்டேன் என்கிறது.

அது வெறும் புகைப்படம், அதில் எழுத்தே இல்லை. எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, பிழை திருத்தி, தலைப்பு, பத்தி, அட்டவணை என்று குறிகளும் இட வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு வம்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் திரையில் அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அவற்றை அப்படியே உளறும். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, குப்பையாக வந்தால் மாற்ற வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் பார்த்துத் தடுமாறும்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிக்க முடியாது. அதிகம் கேட்கப்படுபவற்றை முதலில் எடுங்கள். மற்றவற்றுக்கு, 'வாசிக்கத்தக்க பிரதி வேண்டுமா? எழுதுங்கள்' என்று ஒரு வரி போட்டு, எழுதியவருக்கு உண்மையாகவே செய்து கொடுங்கள்.

கேள்வி: எழுத்தைப் பெரிதாக்கும், வாசித்துக்காட்டும் ஒரு பொத்தானைச் சேர்த்தால் தளமே சரியாகிவிடும் என்று விற்கிறார்களே?

வாங்காதீர்கள். பெயரில்லாத பெட்டி அதற்கடியில் பெயரில்லாமல்தான் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கவும் வாசிக்க வைக்கவும் வாசகரிடம் ஏற்கெனவே கருவி உண்டு.

கேள்வி: மின்னிதழ்த் தரவுத்தளங்கள் வெளி நிறுவனத்துடையவை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

பணம் கொடுக்கும் முன் நிறைய முடியும். அணுகல்தன்மை விதிகளில் எவற்றை நிறைவேற்றுகிறோம் என்று நிறுவனமே சொல்லும் விபேட் என்ற படிவத்தில் அவர்கள் நிரப்பிய அறிக்கையைக் கேளுங்கள். எந்தப் பதிப்பைச் சோதித்தார்கள், எப்போது என்று பாருங்கள். 'பகுதியளவு' என்று ஒப்புக்கொண்டு குறிப்பும் எழுதியிருப்பவரை நான் கொஞ்சம் நம்புவேன். எல்லா வரியிலும் 'உண்டு, உண்டு' என்று குறிப்பே இல்லாமல் இருந்தால்தான் சந்தேகம். செய்முறை காட்ட வரும்போது, 'மவுஸைத் தொடாமல் ஒரு கட்டுரையைத் திறந்து காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

கேள்வி: இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டி விதிகள் என்று டபிள்யூசிஏஜி 2.0, 2.1, 2.2 என்கிறார்கள். எதைப் படிப்பது?

2008, 2018, 2023 என்று வரிசையாக வந்தவை. 2.2 போதும், அதிலுள்ள மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையை இலக்காக வையுங்கள். மனப்பாடம் வேண்டாம்.

கேள்வி: சோதித்ததில் 200 பிழைகள் வந்துவிட்டன. எங்கே தொடங்குவது?

பயப்படாதீர்கள். எல்லாப் பக்கத்திலும் வரும் மேற்பகுதியில் உள்ள ஒரே பிழைதான் பாதி நேரம் நூறாகப் பெருகியிருக்கும். அதைத் திருத்துங்கள். அடுத்து தேடல், உள்நுழைவு, புதுப்பித்தல் என்ற பாதை. வரலாற்றுப் பக்கமெல்லாம் பிறகு.

தொழில்நுட்பக் குழுவுக்கு இப்படி எழுதுங்கள்: 'முன்பதிவுப் பக்கம், குரோம் உலாவி. டேப் அடித்து நாட்காட்டிக்குள் போனேன். எஸ்கேப் அடித்தேன், மூடவில்லை. மூடி, தேதிப் பெட்டிக்கே திரும்ப வேண்டும்.' வெறுமனே 'வேலை செய்யவில்லை' என்று அனுப்பினால் 'எங்களுக்கு வேலை செய்கிறதே' என்றுதான் பதில் வரும். அவர்கள் கையில் மவுஸ் இருக்கிறது.