பதினான்கு நிமிடம் போதுமா?

அன்புள்ள ஐயா,

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பெண்கள் ரக்பி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) வெண்கலப் பதக்க ஆட்டத்தை அண்மையில் முழுதாகப் பார்த்தேன். ஆஸ்திரேலியா 12-7 என்று முன்னிலையில் இருக்கிறது, நேரம் தீர்ந்துவிட்டது. தன் கோட்டருகே பந்தை வாங்கிய ஓர் அமெரிக்க வீராங்கனை மைதானத்தின் மறுகோடி வரை ஓடி ட்ரை வைக்கிறார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கிறார். 14-12, அமெரிக்காவுக்கு வெண்கலம். பார்க்கும்போது சிலிர்த்தது. பிறகு யோசித்தால் மனம் உறுத்துகிறது. மூன்று நாள் ஆடிய ஓர் அணியின் பதக்கம் ஒரே ஓட்டத்தில் கைமாறுகிறது என்றால் இதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? அப்புறம், 15 பேர் 80 நிமிடம் ஆடும் முழு ரக்பி இருக்கும்போது, பெண்களுக்கு இந்த 14 நிமிட ஆட்டத்தைக் கொடுத்து ஒதுக்கிவிட்டார்களோ என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் பார்த்த அந்த ஓட்டத்துக்குச் சொந்தக்காரர் அலெக்ஸ் செட்ரிக். 2024 ஜூலை 30 அன்று ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானத்தில் நடந்தது. உங்கள் முதல் கேள்விக்கு அந்த ஓட்டத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

செவன்ஸ் ஆடப்படுவது முழு ரக்பியின் அதே மைதானத்தில்தான். 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் வரை அகலம். 15 பேர் காக்க வேண்டிய இடத்தை 7 பேர் காக்கிறார்கள். முழு ரக்பியில் ஒருவர் டேக்கிளை, அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவதைத் தவறவிட்டால் பின்னாலிருந்து இன்னொருவர் வந்து மறிப்பார். செவன்ஸில் பெரும்பாலும் ஒரே ஒரு தடுப்பு வரிசை, அதற்குப் பின்னால் ஒருவர், அவ்வளவுதான். அந்த வரிசையை ஒருத்தி உடைத்துவிட்டால் எதிரே வெட்டவெளி. ஆகவே ஒரு டேக்கிளின் விலை இங்கே மிக அதிகம். அந்த விலையைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு அணியும் களம் இறங்குகிறது.

இதோடு களைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு அணிகளுக்கும் அது மூன்று நாளில் ஆறாவது ஆட்டம். 14 நிமிடம் என்று கேட்டால் சிறியதாகத்தான் தெரியும். ஆனால் அந்த 14 நிமிடத்தில் ஓடுவது, மோதுவது, விழுவது, எழுந்து மறுபடி வரிசையில் போய் நிற்பது என்று உடம்புக்கு ஓய்வே கிடையாது. கடைசி நிமிடத்தில் சரியான கோணத்தில் போய் மறிக்க முடிகிறதா, மூச்சு முட்டும்போதும் கண்ணுக்கு இடைவெளி தெரிகிறதா என்பதெல்லாம் வருடக்கணக்கான பயிற்சியில் வருவது. செட்ரிக் தன்னைப் பிடிக்க வந்தவர்களிடமிருந்து திமிறிக்கொண்டு ஓடினார். கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை வைத்தபோது ஸ்கோர் 12-12 மட்டுமே. இன்னும் ஒரு கன்வர்ஷன், அதாவது ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துக் கூடுதல் புள்ளி எடுக்கும் வாய்ப்பு, பாக்கி இருந்தது. செவன்ஸில் அதைத் தரையில் நிறுத்தி உதைக்க முடியாது. பந்தைக் கீழே விட்டு, அது தரையைத் தொட்டு எழும்போது உதைக்கும் டிராப் கிக்தான். மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி முடித்த அதே பெண் அதையும் உதைத்து உள்ளே அனுப்பினார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பெண்கள் செவன்ஸ் உலகக் கோப்பை இதுவரை நான்கு முறை நடந்திருக்கிறது: 2009 துபாய், 2013 மாஸ்கோ, 2018 சான் பிரான்சிஸ்கோ, 2022 கேப்டவுன். ஒலிம்பிக்ஸில் மூன்று முறை: ரியோ, டோக்கியோ, பாரிஸ். மொத்தம் ஏழு இறுதி ஆட்டங்கள். ஏழிலும் நியூசிலாந்து ஆடியிருக்கிறது. நான்கில் வென்றது, மூன்றில் தோற்றது. தோற்ற மூன்றுமே ஒரே அணியிடம், ஆஸ்திரேலியாவிடம். 2009இல் 15-10, 2016இல் 24-17, 2022இல் 24-22. பதினைந்து ஆண்டுகளில் வீராங்கனைகள் மாறினார்கள், பயிற்சியாளர்கள் மாறினார்கள், ஆனால் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து இல்லாத போட்டி ஒன்றுகூட இல்லை. அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கும் ஆட்டத்தில் இப்படி நடக்காது. எந்த அணியும் ஒரு நாள் வழுக்கி விழலாம் என்பது உண்மைதான். அது எல்லா விளையாட்டிலும் உண்டு.

இரண்டாவது கேள்வியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதில் ஒரு நல்ல அக்கறை இருக்கிறது. ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

செவன்ஸ் பெண்களுக்காகக் குறைத்துச் செய்யப்பட்ட ஆட்டம் கிடையாது. 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில், தங்கள் கிளப்புக்குப் பணம் திரட்ட ஒரு நாள் விளையாட்டு விழா நடத்த நினைத்தார்கள். 15 பேர் ஆட்டம் என்றால் ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடத்த முடியாது. ஆளையும் நேரத்தையும் குறைக்கலாம் என்று யோசனை சொன்னவர் நெட் ஹேக் என்ற கசாப்புக் கடைக்காரர். ஆண்கள் நூறு வருடத்துக்கு மேல் ஆடிய பிறகுதான் 1997இல் ஹாங்காங்கில் பெண்களின் சர்வதேசப் போட்டி நடந்தது. இன்று இரு பாலருக்கும் ஒரே மைதானம், ஒரே விதி, ஒரே ஏழு நிமிடப் பாதி. கிராண்ட்ஸ்லாம் டென்னிஸில் ஆண்களுக்கு ஐந்து செட், பெண்களுக்கு மூன்று என்ற வித்தியாசம் இன்னமும் இருக்கிறது. செவன்ஸில் அப்படி எதுவும் இல்லை.

முழு ரக்பியில் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1991இல் வேல்ஸில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்தியவர்கள் விளையாடிய பெண்களேதான். உலக ரக்பி அமைப்பின் அங்கீகாரம் அப்போது அதற்கு இல்லை. 2009 மார்ச்சில் துபாய் செவன்ஸ் உலகக் கோப்பையில் முதல் முறையாக ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில், ஒரே நாட்களில் ஆடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் செவன்ஸை ஒலிம்பிக்ஸில் சேர்க்க முடிவானது. அதற்குப் பிறகு கதவு திறந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், உடைந்தது. பதக்கம் என்றால் அரசுகள் பணம் தரும். நியூசிலாந்து 2012இல் நாடு முழுக்கத் தேர்வு முகாம்கள் நடத்தி வேறு விளையாட்டுகளிலிருந்து பெண்களை அழைத்தது. நெட்பால் ஆடிக்கொண்டிருந்த போர்ஷியா உட்மன் அப்படி வந்தவர். செவன்ஸ் அணிகள் ஆண்டுதோறும் ஆடும் உலகத் தொடரில் 200 ட்ரைகளைத் தாண்டிய முதல் பெண் அவர். ஆஸ்திரேலியாவின் ரியோ தங்க அணியில் கூடைப்பந்திலிருந்தும், மோதாமல் தொட்டு மட்டும் ஆடும் டச் ஃபுட்பாலிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். நியூசிலாந்தின் 15 பேர் பெண்கள் அணிக்குச் சம்பள ஒப்பந்தம் கிடைத்தது 2018இல்தான். செவன்ஸ் பெண்கள் அதற்குப் பல வருடங்கள் முன்பே ஒப்பந்தத்தில் இருந்தார்கள்.

ஃபிஜியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனமில்லை. பத்து லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத நாடு. ஆண்கள் செவன்ஸ் அங்கே உயிர். ரியோவிலும் டோக்கியோவிலும் அவர்கள் தங்கம் வென்றதை உலகம் கொண்டாடியது. பெண்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நின்றார்கள். டோக்கியோ காலிறுதியில் அவர்கள் நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியாவை 14-12 என்று வெளியேற்றினார்கள். அரையிறுதியில் நியூசிலாந்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்து 22-17 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வியோடு மனம் விட்டுப்போகாமல் பிரிட்டனை 21-12 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். ஃபிஜிப் பெண்கள் ஒலிம்பிக்ஸில் வென்ற முதல் பதக்கம் அது. 12 பேர் கொண்ட ஓர் அணியைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தால் உலகத்தின் பெரிய நாடுகளோடு மோதலாம் என்ற வாய்ப்பை இந்த வடிவம்தான் தருகிறது. ரியோவில் கென்யாவும் கொலம்பியாவும் ஆடியது அதனால்தான்.

முழு ரக்பியும் இதனால் நலிந்துவிடவில்லை. 2025 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை லண்டனில் 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். செவன்ஸிலிருந்து வந்தவர்கள் பலர் அந்தப் போட்டியில் ஆடினார்கள். அமெரிக்காவின் இலோனா மேஹர் அவர்களில் ஒருவர். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எடைக் குறியீட்டுக் (BMI) கணக்கை வைத்துத் தன் உடலைக் குறை சொன்னவர்களுக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னவர். அகன்ற தோளோடு இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய தைரியம் கொடுத்திருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. செட்ரிக்கின் ஓட்டத்துக்குப் பிறகு மிஷெல் காங் என்ற தொழிலதிபர் அமெரிக்கப் பெண்கள் செவன்ஸுக்கு நான்கு ஆண்டுகளில் 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். மனதார வரவேற்கிறேன். ஆனால் ஓர் அணிக்கு நல்ல பயிற்சியும் சம்பளமும் கிடைக்க அப்படி ஓர் ஓட்டம் தேவைப்பட்டது என்பதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. அந்தப் பந்து கை நழுவியிருந்தாலும் அந்தப் பெண்களின் உழைப்பு அதேதான். ஒலிம்பிக்ஸ் வரும் வருடம் பணம் கொட்டுவதும், முடிந்ததும் கையை இறுக்குவதும் செவன்ஸைப் பிடித்த நோய். பெண்கள் ஒதுக்கி வைக்கப்படுவதைப் பதக்கம் தடுத்தது, ஆனால் நிலையான வாழ்க்கையை இன்னும் எல்லோருக்கும் தந்துவிடவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து எதையாவது பார்க்க நினைத்தால், டோக்கியோவின் அந்த நியூசிலாந்து-ஃபிஜி அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். ட்ரை வைத்த அணியே மறுபடி ஆட்டத்தைத் தொடங்கிப் பந்தை உதைக்க வேண்டும் என்பது செவன்ஸ் விதி. அதனால் பின்தங்கிய அணிக்குப் பந்து கிடைக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஒவ்வொரு ட்ரைக்குப் பிறகும் உயரே உதைக்கப்படும் அந்தப் பந்துக்காக யார் குதிக்கிறார்கள், பந்து இல்லாத பக்கம் கடைசியாக நிற்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், ஃபிஜி எந்த இடத்தில் அந்த ஆட்டத்தை வென்றிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதையும் சேர்த்து.