வாகன வினா-விடை: மலிவு விலைச் சைலன்சர் வாங்கலாமா?

10 ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் ஹேட்ச்பேக் காரின் பின்பக்கச் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்பெனிப் பொருளின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்த வெளிச்சந்தைச் சைலன்சரை வாங்கினேன். குழாய் நேராகச் சேராததால் மெக்கானிக் அதைச் சூடுகாட்டி வளைத்து, போல்ட்டை இழுத்து முடுக்கிவிட்டார். இப்போது சிக்னலில் நிற்கும்போது காரின் தரை அதிர்கிறது. வேகத்தடையில் ‘டக்’ என்று இடிக்கிறது. சைலன்சரைத் தாங்கும் தொங்கு ரப்பர் ஒன்றும் அறுந்துவிட்டது. குற்றம் பொருளிலா, மாட்டியவரிடமா?
— மதுரை வாசகர்

இரண்டிலும் உண்டு, ஆனால் தொடக்கம் பொருளில்தான். கார் நிறுவனத்துக்காகச் செய்யப்படும் சைலன்சரில், குழாயின் ஒவ்வொரு வளைவும், அந்த ரப்பர்களில் மாட்டும் தொங்கு கம்பிகளைப் பற்றவைக்கும் இடமும் ஜிக் எனப்படும் அளவுச் சட்டத்தில் வைத்து அளவு பார்க்கப்படும். மலிவாகச் செய்பவர்களில் சிலர் ஒரு பழைய குழாயை மாதிரியாக வைத்து வளைக்கிறார்கள். அந்த மாதிரியே அடிபட்டோ தொய்ந்தோ இருந்தால், அதன் கோணல் அத்தனை படிகளிலும் வந்துவிடும். தொங்கு கம்பி சில மில்லிமீட்டர் தள்ளி அமைந்தாலே போதும், ரப்பர் எப்போதும் ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் தன்னைத் தாங்கும் மவுண்டுகளின் மேல் ஆடுகிறது. அந்த ஆட்டம் குழாய் வழியாகப் பின்னே வருகிறது. அது பாடியை எட்டாமல் தடுப்பது இந்த ரப்பர்கள்தான். விறைப்பாக இழுபட்ட ரப்பரால் அதிர்வைத் தாங்க முடியாது, அப்படியே பாடிக்குக் கடத்திவிடும். வண்டி நிற்கும்போது தரை அதிர்வதற்குக் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, 2 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் வைக்காமல் இறுக்கிப் பூட்டினால், அதன் அழுத்தம் முன்னால் இருக்கும், வளைந்துகொடுக்கும் நெளிகுழாயின் மீதும், குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சின் மீதும் விழும். நெளிகுழாய் கிழிந்தால் செலவு நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகலாம்.

வேகத்தடையில் இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. லிஃப்ட்டில் ஏற்றிய காரில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருப்பதால், பின் அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். கார் தரையில் இறங்கி, பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தவுடன் அச்சு மேலே வருகிறது, இடைவெளி மறைந்துவிடுகிறது. ஆகவே சக்கரங்களில் எடை இறங்கிய நிலையில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது: எல்லா நட்டுகளையும் தளர்த்திவிட்டு, புது ரப்பர்களில் சைலன்சரைத் தொங்கவிட்டு, அது தானாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஃபிளேஞ்சுகளின் முகங்கள் கையால் சேர்த்தாலே ஒன்றோடொன்று படிய வேண்டும். படிந்தால் முன்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி முடுக்கிக்கொண்டு போகலாம். படியாவிட்டால் அந்தப் பொருள் உங்கள் காருக்கு ஆகாது. சூடுகாட்டி வளைத்ததால் கடைக்காரரும் இனி அதைத் திருப்பி எடுக்கத் தயங்குவார். மெக்கானிக்கை முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடிக்கையாளரே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த பொருளை ‘வேண்டாம், மாற்றிக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்வது அவருக்கு எளிதல்ல. ஆனாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று சொல்லி விற்கிறார்கள். காந்தம் ஒட்டினால் போலி என்பது உண்மையா? கடையிலேயே தரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
— கோயம்புத்தூர் வாசகர்

காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். கார்ச் சைலன்சர்களில் பரவலாகப் பயன்படும் 409 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டும். வெள்ளி நிறப் பெயின்ட் அடித்த சாதா இரும்பிலும் ஒட்டும். 304 வகையில் ஒட்டாது; நிக்கல் குறைந்த மலிவான 200 வரிசை உலோகத்திலும் ஒட்டாது. எனவே ஒட்டுவதும் ஒட்டாததும் தனியே எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

பழைய சைலன்சரைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சென்னை ஜி.பி. ரோடாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தித் தொங்கு கம்பிகளின் இடத்தையும் ஃபிளேஞ்சின் ஓட்டைகளையும் ஒப்பிடுங்கள். தூக்கிப் பாருங்கள், புதியது கணிசமாக எடை குறைந்திருந்தால் தகடு மெல்லியது, அல்லது உள்ளே தடுப்புத் தகடுகள் குறைவு. குலுக்கும்போது உள்ளே ஏதாவது உருண்டால் வாங்காதீர்கள். வளைவின் உட்புறம் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால், உள்ளே தண்டு வைக்காமல் அழுத்தி வளைத்த குழாய் அது; அந்த இடத்தில் புகை செல்லும் வழி குறுகிவிடும்.

பற்றவைத்த தையலை விரலால் தடவிப் பாருங்கள். அலுமினியம் பூசிய தகட்டில் பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். மாட்டும் முன்பே அந்தத் தையல்களின் மேல் சூடு தாங்கும் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. கடைத்தெரு வரை மட்டுமே ஓடும் காரில் சைலன்சர் போதுமான அளவு சூடேறாமல், அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். அது வடிவதற்காகச் சைலன்சரின் அடியில் விடப்படும் சிறு துளையை ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

விலை குறைந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மாட்டிய சில வாரங்களில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ‘அதையே எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடலாம்’ என்கிறார் பட்டறைக்காரர்.
— சேலம் வாசகர்

போடவே கூடாது. கன்வர்ட்டர் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கிறது. அந்த வேலையைச் செய்பவை அதனுள் பூசப்பட்ட பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள். விலை பாதியாகக் குறையும்போது இந்தப் பூச்சும் குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிடுகிறது. ஸ்கேன் செய்தால், கன்வர்ட்டரின் திறன் குறைவு என்பதைக் காட்டும் பி0420 என்ற குறியீடு வரக்கூடும்.

ஆனால் உடனே கன்வர்ட்டரைக் குற்றம் சொல்லாமல், அதன் முன்பக்க இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, முன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்ல, கணினி கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றுகிறது, மைலேஜ் இறங்குகிறது. இணைப்பைச் சுற்றிலும் கரிப்படிவு தெரிந்தால் கசிவு அங்கேதான்.

கன்வர்ட்டரை எடுத்துவிடுவது சட்டப்படியும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, காற்று, ஒலி மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். என் முடிவு இதுதான்: பின்பக்கச் சைலன்சரில் ஆராய்ந்து பணத்தை மிச்சப்படுத்தலாம், கன்வர்ட்டரிலும் அதற்கு முன்னால் உள்ள குழாய்களிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புதுச் சைலன்சர் மாட்டியதிலிருந்து காருக்குள் இலேசாகப் புகை வாடை வருகிறது. ஓட்டலாமா?
— நாகர்கோவில் வாசகர்

சரி செய்யும் வரை ஓட்டாதீர்கள். நின்ற காரில் ஏ.சி. போட்டு யாரும் உட்காரவோ தூங்கவோ கூடாது. உங்களுக்குத் தெரியும் வாடை மற்ற வாயுக்களுடையது. கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, அது உயிரைப் பறிக்கக்கூடியது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, கையுறை அணிந்த ஒருவர் மடித்த துணியால் குழாய் முனையை ஓரிரு நொடி பாதியளவு அடைத்துப் பிடிக்கட்டும். கசியும் இணைப்பு ‘உஸ்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அங்கே கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் புதியதை மாற்றுங்கள். வெல்டிங் தேவைப்பட்டால், வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையேல் காரின் கணினி பழுதாகக்கூடும்.