45, 45, 45, 45

அன்புள்ள ஐயா,

சேலம் இரும்பாலைப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இயற்பியலில் ஒன் மார்க், சின்னக் கணக்கெல்லாம் ஓரளவு போட்டுவிடுவேன். டெரிவேஷன்தான் நிற்கவே மாட்டேன் என்கிறது. இரவு படித்தது காலையில் பாதி காணோம். காந்தவியல் பாடம் தொடங்கியதிலிருந்து பயமாகவே இருக்கிறது. மனப்பாடம் செய்ய ஏதாவது வழி இருக்கிறதா? எந்த கைடு வாங்கலாம்? நீட்டுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா? பிராக்டிகலைப் பற்றிக் கவலை இல்லை. போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டு நோட்டு கையில் இருக்கிறது, ரீடிங் எல்லாம் அதிலேயே உள்ளது.

ச., சேலம்

அன்புள்ள ச.,

கைடு வேண்டாம் கண்ணு, பாடநூலே போதும். நீட்டுக்கென்று வேறு இயற்பியல் கிடையாது. பாடம் ஒன்றுதான், கேட்கிற விதம்தான் வேறு.

உன் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது கடைசி வரி. பிராக்டிகலைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ கவலைப்பட்டிருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். அந்த அக்காவின் ரீடிங் அவள் நின்ற மேசைக்கு, அவள் கையில் இருந்த கருவிக்கு, அன்றைக்கு ஓடிய மின்னோட்டத்துக்கு உரியது. அதுவும் அவளே எடுத்திருந்தால். அவளும் அவளுக்கு முந்தைய அக்காவிடமிருந்து எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம். ரீடிங்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் ஒரே விடைக்குக் கொண்டுவருகிற ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு டெரிவேஷன் நிற்காமல் போவது அங்கே தொடங்குகிறது. செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று கணக்குப் பார்த்து, 30 மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். எழுத்துத் தேர்வின் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்தும் அந்த லேப்பில்தான் பாதி புரிய வேண்டும்.

உனக்குப் பயமான காந்தவியலையே எடுத்துக்கொள்வோம். டேன்ஜன்ட் கால்வனோமீட்டர், நீங்கள் டிஜி என்பது: நிற்கிற வட்டச் சுருள், நடுவில் திசைகாட்டிப் பெட்டி; பூமியின் காந்தப்புலத்தில் கிடையாகப் போகிற பகுதியை, அதாவது கிடைத்தளக் கூறை, அளக்கிற கருவி. ரெக்கார்டைத் திற. ஒவ்வொரு மின்னோட்டத்துக்கும் நான்கு கோணங்கள் எழுதும் கட்டம் இருக்கும். அதில் 45, 45, 45, 45 என்று இருந்தால் அந்தப் பக்கத்தை நம்பாதே. நான்கும் ஒன்றாக வர வேண்டுமானால் எதற்கு நான்கு முறை எடுக்கச் சொல்கிறார்கள்? உண்மையில் எடுத்தால் 43, 44, 47, 48 என்பதுபோல் வரும். இந்த நான்கு எண்களில் இருக்கிற இயற்பியல் எந்த கைடிலும் இல்லை.

முதல் இரண்டைப் பார். ஒரே முள்ளின் இரண்டு முனைகள், ஆனால் ஒரு டிகிரி வித்தியாசம். ஊசி சுழலும் கூர்முனை அளவுகோல் வட்டத்தின் சரியான மையத்தில் இல்லை என்று அர்த்தம். ஒரு முனை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறதோ, மறுமுனை அவ்வளவு குறைத்துக் காட்டும். சராசரி எடுத்தால் பிழை அடிபட்டுப் போகும். அடுத்த இரண்டும் கம்யூட்டேட்டரைத் திருப்பி, மின்னோட்டத்தை எதிர்த்திசையில் விட்டு எடுத்தவை. அந்தப் பக்கம் சராசரி 43.5, இந்தப் பக்கம் 47.5. நான்கு டிகிரி வித்தியாசம். 45 டிகிரியை ஒட்டி இப்படி வந்தால், நீ சுருளைக் காந்தத் துருவத்தளத்தில் (திசைகாட்டி ஊசி காட்டுகிற வட-தென் தளத்தில்) வைக்கும்போது ஏறத்தாழ நான்கு டிகிரி விலகி வைத்திருக்கிறாய். அதுவும் சராசரியில் அடிபடும். நான்கையும் கூட்டி வகுத்தால் 45.5. நீ சரியாக வைக்காததையும் கருவி சரியாக இல்லாததையும் ஒரே சராசரி சரிசெய்துவிட்டது. நான்கு 45 எழுதுகிறவளுக்கு இது எப்படித் தெரியும்?

சுருளை வைப்பதிலும் வரிசை இருக்கிறது. அடித்திருகுகளைத் திருகி முதலில் மட்டம் பார். பிறகு திசைகாட்டிப் பெட்டியை மட்டும் சுழற்று, 90–90 கோடு சுருளின் தளத்தோடு ஒன்றட்டும். அதற்கப்புறம் பெட்டியைத் தொடாதே. முழுக் கருவியையும் சேர்த்துத் திருப்பு, முள் 0–0 காட்டும்வரை. காந்த ஊசி குட்டியானது, அதற்குச் செங்குத்தாக நிற்கிற நீளமான அலுமினிய முள்ளைத்தான் நீ படிக்கிறாய். அதனால்தான் 0–0 வந்தால் ஊசி சுருளின் தளத்தில் இருக்கிறது. முள்ளுக்கு அடியில் கண்ணாடி பதித்திருப்பது அழகுக்கு இல்லை. முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரிகிற இடத்திலிருந்து பார், இடமாறு தோற்றப்பிழை வராது. படிப்பதற்கு முன் பெட்டியை விரலால் மெல்லத் தட்டு, ஊசி ஒட்டி நிற்கலாம்.

அம்மீட்டரைக் கருவியை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி வை, அதற்குள் நிலைக்காந்தம் இருக்கிறது. பையில் இருக்கிற போனும் தள்ளி இருக்கட்டும். இரும்பு ஸ்டூலையும் எடுத்துவிடு. அம்மீட்டர், ரியோஸ்டாட், பேட்டரி மூன்றும் கம்யூட்டேட்டருக்கு ஒரு பக்கம், டிஜி மட்டும் மறுபக்கம். திருப்பும்போது அம்மீட்டர் முள் பூஜ்யத்துக்குப் பின்னால் போனால், அதை டிஜியின் பக்கத்தில் மாட்டியிருக்கிறாய்.

இப்போது கணக்கு. நூலைச் சுருளின் மேல் சுற்றி அள, 50.3 செ.மீ. வந்தால் ஆரம் 8 செ.மீ. 5 சுற்று முனையில் மாட்டி 1 ஆம்பியர் விட்டிருக்கிறாய், கோணம் 45.5. மியூ நாட் என்ற காந்த மாறிலி, சுற்று, மின்னோட்டம் மூன்றையும் பெருக்கி, ஆரத்தின் இரண்டு மடங்காலும் டேன் தீட்டாவாலும் வகு. 3.86 × 10⁻⁵ டெஸ்லா வரும். நம் பக்கத்தில் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 4 × 10⁻⁵, அதனால் நல்ல விடை. கருவி தப்பாக மாட்டப்பட்டிருந்தால் அதுவே சொல்லிவிடும். அதே 1 ஆம்பியருக்கு முள் 22 டிகிரியில் நின்றால் நீ மாட்டியது 2 சுற்று முனை. 84-ல் போய் நின்றால் 50 சுற்று முனை.

கோணம் 30-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கட்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டாயா? 45-ல் ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் விடையில் 3.5 சதவீதம் பிழை. 10 டிகிரியில் அதே ஒரு டிகிரித் தப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகும், 80-லும் அப்படியே. மின்தடை அளக்கிற மீட்டர் சமனச்சுற்றில் சமன்புள்ளி கம்பியின் நடுப்பக்கம் விழும்படி பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

டெரிவேஷனுக்கு வருகிறேன், அதைத்தானே கேட்டாய். வட்டச் சுருளின் அச்சில் காந்தப்புலம். அச்சுக்குச் செங்குத்தான கூறுகள் நீங்கும் என்ற வரியில்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டிஜி முன்னால் இருக்கும்போது ஒரு விரலைச் சுருளின் உச்சியில் வை, இன்னொன்றை அதற்கு நேர் கீழே வை. பெட்டியின் மையத்திலிருந்து அச்சின் வழியே ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளியை நினைத்துக்கொள். மேல்விரல் இருக்கிற துண்டு தருகிற புலம் அங்கே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கீழ்விரலில் இருக்கிற துண்டின் புலம் அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வுகள் ஒன்றையொன்று அடித்துவிடும், அச்சோடு போகிற பகுதி மட்டும் கூடும். தொலைவைப் பூஜ்யமாக்கினால் மேலே போட்ட கணக்கின் சூத்திரம் வந்துவிடும். அந்த இரண்டு விரலையும் ஒருமுறை வைத்தவளுக்கு அந்த வரியை மனப்பாடம் செய்யவேண்டி வராது.

நீ இருக்கிற இடம் வேறு! இரும்பாலைக்குப் பின்னால் நிற்கிற கஞ்சமலை மேக்னடைட் பாறை கொண்ட மலை. அடிவாரத்து ஓடை மணலில் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இழுத்துப் பார், கருப்பாக ஒட்டும். கனமான கருங்கல் ஒன்றைத் திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் ஊசி அசையும். பாடநூலின் ஃபெர்ரோ, பாரா, டயா என்ற காந்தப் பொருள் வகைகளை எல்லாம் படிக்கிற பிள்ளைகள் பேருந்தில் தினமும் அந்த மலையைத் தாண்டித்தான் போகிறீர்கள், ஒரு ஆசிரியரும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டவில்லை என்றால் அது வருத்தம். பூமியின் காந்தப்புலம் முழுக்கக் கிடையாக இருக்கிற காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது, 1963-ல் முதல் ராக்கெட் விட்ட கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அதனால் சேலத்தில் சரிவுக்கோணம், அதாவது புலம் கிடைத்தளத்திலிருந்து சாய்கிற கோணம், சில டிகிரிகளே, நீ டிஜியில் அளக்கிற கிடைத்தளக் கூறு ஏறக்குறைய முழுப் புலமும்.

உன் பள்ளியில் ஒரு டிஜியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பீர்கள் என்று தெரியும். மதிய இடைவேளையில் ஆசிரியரிடம் கேள், தனியாக அரை மணி நேரம் கேள், வெட்கப்படாதே. 0.6, 0.8, 1.0, 1.2 ஆம்பியர், நான்கு மின்னோட்டம், பதினாறு ரீடிங். பேனாவால் எழுது, தப்பானதை அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்து. அந்தப் பதினாறையும் அப்படியே எனக்கு எழுது, 1.0-க்கு நேரே இருக்கிற நான்கைப் பார்த்து உன் சுருள் எவ்வளவு விலகி நின்றது என்று நான் சொல்கிறேன்.