ஏற்காட்டில் வீட்டுப் புல்தரை முழுக்கப் பரவிவிட்ட க்ளோவரை எப்படி ஒழிப்பது?

கேட்டவருக்கு ஏற்காட்டில் வீடு. புல்தரையில் மூன்று இலைச் செடி படர்ந்துவிட்டது, பிடுங்கப் பிடுங்க வருகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். நான் இருப்பது சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம். அக்கா வீடு ஏற்காட்டில். இரண்டு வீட்டுப் புல்தரையும் பல வருடமாக என் பொறுப்பு என்பதால் எழுதுகிறேன்.

மருந்துக் கடைக்குப் போகும் முன், செடியை வேரோடு எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். மூன்று இலை என்றாலே க்ளோவர் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். நம் பக்கத்துப் புல்தரைகளில் அந்தப் பெயருக்குள் நாலு வேறு செடிகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

இலை ஒவ்வொன்றும் நெஞ்சு வடிவில், நடுவில் மடிந்து, மென்றால் புளித்தால் அது புளியாரை. மஞ்சள் பூ பூக்கும். அக்கா வீட்டுக்குத் தோட்ட வேலைக்கு வரும் அம்மா இதைப் பார்த்ததுமே, "தம்பி, இதைப் போய்க் கீழே கொட்டாதீங்க, துவையலுக்கு ஆகும்" என்று மடியில் கட்டிக்கொள்வார். அதே நெஞ்சு வடிவ இலை பெரிதாக, நீண்ட காம்பில் நின்று, இளஞ்சிவப்புப் பூ பூத்தால் அது கிழங்குப் புளியாரை. மலைத் தோட்டங்களில் பெரிய தொல்லை இதுதான். இலை மிகச் சிறிதாக, தரையோடு தரையாகப் பாய் விரித்தாற்போல் படர்ந்து, ஊதா நிறத்தில் பொடிப்பூ பூத்தால் சிறுபுள்ளடி. உண்மையான வெள்ளைக் க்ளோவருக்கு இலை முட்டை வடிவம். ஒவ்வொரு இலையிலும் வெளிறிய வளைகோடு ஒன்று பெரும்பாலும் தெரியும். பூ வெள்ளை உருண்டை, அதில் தேனீ மொய்க்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்தக் குளிருக்கு அது பிழைக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் நிற்காது. ஆகவே கீழே, சமவெளியில் யாராவது க்ளோவர் என்றால் அநேகமாக அது புளியாரை அல்லது சிறுபுள்ளடி.

இவற்றில் வெள்ளைக் க்ளோவரும் சிறுபுள்ளடியும் அவரைக் குடும்பம். வேரில் குட்டிக் குட்டி முண்டுகள் இருக்கும், அதில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடித்துக் கொடுக்கும். புல்லுக்கு அந்த வசதி இல்லை. மண்ணில் தழைச்சத்து குறைந்தால் புல் வெளுத்து மெலியும், இவை மட்டும் பசேலென்று பரவும். ஏற்காட்டு மழையில் தழைச்சத்து கரைந்து ஓடிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1856 முதல் இன்றுவரை ஒரு புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து விதவிதமாக உரமிட்டுக் கவனித்து வருகிறார்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) மட்டும் போட்ட பாத்திகளில் க்ளோவர் வகைகள் செழிக்கின்றன. தழைச்சத்து நிறையப் போட்டவற்றில் புல் மேலோங்கி அவற்றை ஒடுக்கிவிடுகிறது. நம்மூரில் புல்தரைக்கு அடுப்புச் சாம்பலும் எலும்புத் தூளும் போடும் பழக்கம் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் போடுகிறோம், ஆனால் அவற்றில் பெரும்பாலும் இருப்பது அந்தச் சாம்பல்சத்தும் மணிச்சத்தும்தான், அது களைக்குப் போடும் சாப்பாடு. முதலில் அதை நிறுத்துங்கள்.

அப்புறம் புல்லுக்குச் சாப்பாடு போடுங்கள். 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா போதும். இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் உலர் மணலோடு கலந்து சீராகத் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். கோடை மழை பெய்து மண் நனைந்த பின் ஒரு முறை, புரட்டாசி வாக்கில் ஒரு முறை. யூரியா வேண்டாம் என்பவர்கள் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்த்து ஊற்றலாம். மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். கீழே செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தை ஒட்டிய வீடுகளில் மண் காரத்தன்மை உடையது. அங்கே யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் பொருத்தம். அதில் தழைச்சத்து பாதிக்கும் குறைவு என்பதால் 200 கிராமுக்குச் சற்று மேலே வரும்.

புல்லை ஒட்ட வெட்டுவதையும் விடுங்கள். கார்ப்பெட் மாதிரி இருக்க வேண்டும் என்று தரையைச் சுரண்டி வெட்டினால் வெயில் நேராக மண்ணில் விழுகிறது, களை விதை முளைக்கிறது. படர்ந்து கிடக்கும் க்ளோவருக்கு வெட்டு படுவதே இல்லை, புல்தான் அடி வாங்குகிறது. ஒன்றரை அங்குலம் நிற்கட்டும். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கையால் எடுப்பது இன்னும் நல்ல வழிதான், ஆனால் மழை பெய்த மறுநாள் எடுக்க வேண்டும். க்ளோவர் தண்டு ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மேலே இழுத்தால் அறுந்து, விட்ட துண்டெல்லாம் தனிச்செடி ஆகும். நுனியிலிருந்து தொடங்கித் தண்டைத் தூக்கிக்கொண்டே, களைக்கொத்தால் கணுக்களை நெம்பியபடி நடுவேருக்கு வாருங்கள். மஞ்சள் பூப் புளியாரையைக் காய் முற்றும் முன் எடுத்துவிட வேண்டும், முற்றிய காய் தொட்டவுடன் வெடித்து விதையை எட்டத் தெறிக்கும்.

கிழங்குப் புளியாரை வேறு கதை. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தாய்க் கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், குட்டிகள் உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். "பிடுங்கப் பிடுங்க வருகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். இலை இளசாக நாலைந்து விட்டிருக்கும்போது தாய்க் கிழங்கில் சத்து வற்றியிருக்கும், குட்டிகள் இன்னும் கட்டியிருக்காது. அந்த நேரத்தில் கரணையாக மண்ணோடு தோண்டி எடுத்து, மண்ணைச் சல்லடையில் சலித்துத் திருப்பிப் போடுங்கள். எடுத்ததைக் குப்பைக் குழியில் போடக் கூடாது, அங்கேயே உயிரோடு இருந்து எருவோடு திரும்பி வரும். காயவைத்து எரித்துவிடுங்கள். தோண்ட முடியாத இடத்தில் இலை தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிழங்கு ஓய்ந்துபோகும்.

சரி, மருந்து. கடையில் கேட்டால் 2,4-டி எடுத்துக் கொடுப்பார்கள். அகன்ற இலைக் களையைக் கொல்லும், புல்லை விட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் அடித்தால் வெள்ளைக் க்ளோவர் வாடிவிட்டு மறுபடி துளிர்ப்பது வழக்கம், புளியாரைக்கும் சரியாகக் கேட்பதில்லை. அதைவிட முக்கியம், அந்தச் சாரல் காற்றில் போய்ப் பக்கத்துத் தக்காளி, திராட்சை, பூச்செடி மேல் பட்டால் இலை சுருண்டுவிடும். ஏற்காட்டில் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய காபித் தோட்டமோ காய்கறிப் பாத்தியோ இருக்கும், மலைக்காற்றும் ஓய்ந்திருக்காது. வீட்டுப் புல்தரைக்காக அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிளைபோசேட் பற்றிப் பேச்சே வேண்டாம், அது புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

புல்தரையைப் பார்க்கும்போது சில்வர் ஓக் மர நிழல் விழும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே புல் எப்போதும் நலிந்தே இருக்கும். கிளையைக் கழித்து வெளிச்சம் விடுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்தைப் புல்தரையாக வைத்திருக்காமல் பெரணி வைத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் நாலிலைச் செடி வந்திருந்தால் அது ஆரைக்கீரை. வடிகால் வெட்டிவிட்டால் ஈரம் குறைந்து பலவீனப்படும், அப்போது எடுப்பது சுலபம்.

உண்மையான வெள்ளைக் க்ளோவராக இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1940களின் பாதிக்குப் பிறகு 2,4-டி விற்பனைக்கு வரும் வரை மேல்நாடுகளில் புல்தரை விதையோடு க்ளோவர் விதையையும் கலந்தே விற்றார்கள். அது பிடிக்கும் தழைச்சத்தில் ஒரு பங்கு புல்லுக்கும் போகிறது. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில், தேனீ கொட்டும் என்பதால், எடுத்துவிடுங்கள். வேலியோரத்தில் இருப்பதை நான் எடுக்க மாட்டேன், நீங்களும் விட்டு வைக்கலாம்.

களை எடுத்த இடத்தில் மண்ணைத் திறந்து போடாமல், அன்றைக்கே புல் கரணை பதித்து மிதித்துவிடுங்கள். நர்சரியில் பாய் பாயாக வாங்குவதானால் திருப்பிப் போட்டு அடிமண்ணைப் பாருங்கள், கிழங்குப் புளியாரை பெரும்பாலும் அப்படித்தான் வீட்டுக்கு வருகிறது. மேலே தூவும் எரு நன்றாக மட்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணத்தில் மாடு தின்ற களை விதை உயிரோடு இருக்கும்.