பாட்டியின் கம்பளிக்குள் பேரன் எப்போது?

கேள்வி: தைராய்டு அதிகம் சுரக்கும் என் அம்மாவுக்கு (வயது 62) கோவையில் 12 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அளவு) அயோடின்-131 என்ற கதிரியக்க மாத்திரை தரப்போகிறார்கள். அன்றே பஸ்ஸில் கூட்டி வரலாமா? நான்கு வயதுப் பேரன் அவரோடுதான் தூங்குவான்.
- வாசகி, குன்னூர்

பதில்: நம் நாட்டில் 30 மில்லிகியூரிக்கு மேல் என்றால்தான் தனி அறையில் வைப்பார்கள். 12க்கு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பஸ் வேண்டாம். தோள் உரசப் பக்கத்தில் உட்காருபவர் கர்ப்பிணியாக இருந்தால்? காரில், டிரைவருக்குக் குறுக்காகப் பின்சீட்டின் இடது மூலையில் உட்காரட்டும். லாட்ஜில் தங்குவதும் சரியல்ல. மறுநாள் அந்தக் கட்டிலில் யார் படுப்பாரோ!

குன்னூர் வரும் மலைப்பாதையில் கல்லாறு தாண்டினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். மாத்திரை போட்ட சூட்டோடு கிளம்பி அங்கே வாந்தி எடுத்தால் மருந்தும் போச்சு, காரும் பாழ். இரண்டு மணி நேரமாவது கழித்துக் கிளம்புங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பை, ரப்பர் கையுறை, டிஷ்யூ கையில் இருக்கட்டும். வாந்தி வந்தால் பையை ரோட்டோரம் வீசாமல் இறுகக் கட்டி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

பேரன் விஷயத்தில் இளகாதீர்கள். மூன்று வாரம் தனிப் படுக்கை. ஆஸ்பத்திரி அதைவிட அதிக நாள் சொன்னால் அதுவே கணக்கு. அரை மீட்டரில் படும் கதிர்வீச்சு இரண்டு மீட்டரில் 16ல் ஒரு பங்காகிவிடும். கட்டிக்கொண்டு இரவெல்லாம் தூங்கினால் அந்தத் தூரமே இல்லை. அதோடு, இந்த அயோடின் எச்சிலிலும் வியர்வையிலும் வரும். குழந்தை வயிற்றுக்குள் போனால் நேரே அவன் தைராய்டில் உட்காரும். அதனால் பாட்டி வாய் வைத்த ஸ்பூன், டம்ளர் எதுவும் அவனுக்கு வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு கொஞ்சலாமே என்பார்கள். இந்த அயோடின் வெளிவிடும், உடலையே ஊடுருவும் காமா கதிரைத் துணி தடுக்காது.

தைராய்டில் தங்காத அயோடினில் பெரும்பங்கு சிறுநீரில்தான் போகும், அதுவும் முதல் இரண்டு நாளில். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றட்டும். ஒரு வாரம் அவர் துணியைத் தனியாகத் துவையுங்கள். இந்த மூடுபனியில் கம்பளி எங்கே காய்கிறது! துவைக்காமல் மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். இந்த அயோடினின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கேள்வி: அப்பாவுக்கு எலும்பு ஸ்கேனுக்காகக் கதிரியக்க ஊசி போட்டார்கள். அவரையும் தனியே படுக்க வைக்க வேண்டுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அது டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரமே. அன்று ஒரு நாள் குழந்தையை மடியில் வைக்காமல், தண்ணீர் நிறையக் குடித்தால் போதும்.