ஸ்டார்ட்அப் போட்டிக்குக் கிளம்பும் முன்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

எனக்கு அரியாங்குப்பம், கூட்டாளிக்குக் கடலூர். கம்பெனியை எங்கே பதிவு செய்தால் போட்டிகளுக்கு நல்லது?

இரண்டு ஊருக்கும் நடுவே எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் அரசாங்கமே வேறு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு ஆரம்ப நிலை நிறுவனங்களுக்குத் தரும் டான்சீட் நிதிக்குத் தமிழ்நாட்டில் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதுச்சேரிப் பக்கம் இருந்தால், தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும், புது நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் அடல் இன்குபேஷன் மையத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலை உண்மையில் எங்கே நடக்கிறதோ அங்கேயே பதிவு செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரே ஒரு நிதிக்காக உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால், அப்புறம் வரும் ஒவ்வொரு நோட்டீஸும் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

மீன் பெட்டிக்குள் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவி செய்திருக்கிறோம். மேடையில் ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள். எதைப் பேசுவது? (தேவனாம்பட்டினம் மாணவி)

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள் அம்மா. சென்சார், ஆப், சர்க்யூட் எல்லாவற்றையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவிடுங்கள். யாருடைய பணம், எந்த இடத்தில், எப்படி வீணாகிறது என்பதில் தொடங்குங்கள். 0 டிகிரியில் வைத்த மீன் 5 டிகிரியில் வைத்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நாள் தாங்கும். இந்த ஒரு வரி போதும், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

உடனே கேட்பார்: "ஐஸ் உருகுவது கண்ணுக்கே தெரியுமே, கருவி எதற்கு?" நியாயமான கேள்வி. ராத்திரி லாரியில் ஏறி, வெளியூர் போய்ச் சேரும்வரை யாரும் திறக்காத பெட்டிதான் உங்கள் பதில். அடுத்து, காசு கொடுப்பது யார் என்று கேட்பார். படகுக்காரரா, ஏலம் எடுக்கும் வியாபாரியா? இதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போங்கள். நாலைந்து வியாபாரிகளிடம் கருவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உப்புத்தண்ணீர் பட்டு என்ன ஆகிறது, பேட்டரியை யார் மாற்றுகிறார்கள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவர் என்ன காரணம் சொல்கிறார், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒரே ஒரு வியாபாரி காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த ரசீதைத் திரையில் காட்டுங்கள். கல்லூரிப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மேடையில் விளக்கினால் யோசனையைத் திருடிவிட மாட்டார்களா?

திருட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கருவி வேலை செய்யும் விதத்தை நீங்களே பொதுவில் விளக்கிவிட்டால், அது புதிது இல்லை என்று ஆகிவிடும். அதனால் முதலில் தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கருவியைப் பற்றிய ஆரம்பக் குறிப்புடன், விண்ணப்பம் போடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை காப்புரிமை அலுவலகம்தான். ஆன்லைனிலேயே போடலாம், ஸ்டார்ட்அப்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ரகசிய ஒப்பந்தத்தில் நடுவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு வருடமாக இறுதிச் சுற்றிலேயே போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

வாங்க ஆள் இருந்தால் விடாதீர்கள். அமெரிக்காவில் 2008-ல் டெக்க்ரஞ்ச்50 என்ற ஸ்டார்ட்அப் போட்டியில் ஜெயித்தது யாம்மர் என்ற நிறுவனம். அதே மேடையில் பரிசு வாங்காமல் இறங்கிய டிராப்பாக்ஸ், ஆன்லைனில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நிறுவனம், 2018-ல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. ஆனால் இரண்டு வருடமும் நடுவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், அதற்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்த விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுங்கள்.

விருது உறுதி, 'பதிவுக் கட்டணம்' மட்டும் கட்டுங்கள் என்று போன் வருகிறதே?

கட்டாதீர்கள். ஸ்டார்ட்அப் இந்தியா நடத்தும் தேசிய விருதுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது.