சிப்பைச் சோதிப்பது ரிப்பேர் வேலை இல்லை

செயற்கை நுண்ணறிவு என்று பெயரிலேயே இருக்கும் பட்டப்படிப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று பெரியப்பாவும் மாமாவும் சொல்கிறார்கள். மகளோ கணினிப் பொறியியல் கேட்கிறாள். "ஹார்டுவேர் பக்கம் போனால் ரிப்பேர் வேலைதானே கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் ஆறுதல் மட்டும் சொன்னால் தவறான இடத்தில் பணம் கட்டிவிட்டு வந்து நிற்பீர்கள். எனவே நேராகச் சொல்கிறேன்: உங்கள் மகள் கேட்பதுதான் சரி.

நிரல் எழுதப் பிடிக்கும், ஆனால் எழுதிய வரி உள்ளே போய் என்ன ஆகிறது என்று தெரியாமல் தூக்கம் வருவதில்லை என்கிறாள் அவள். இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த தொழில்தான் அவள் கேட்கும் தொழில். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்சுகளாக ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. புதிய கணக்கைப் போட வேண்டுமென்றால் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். 1947இல் அதே வேலையைச் செய்யும் சின்ன டிரான்சிஸ்டர் வந்தது. 1958இல் ஜாக் கில்பி என்ற பொறியாளர் ஒருங்கிணைந்த சுற்றை, அதாவது நாம் இன்று சிப் என்று சொல்வதை, செய்து காட்டினார். 1971இல் ஒரு கால்குலேட்டருக்காக உருவான இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய பெரிய சிப்களில் பல ஆயிரம் கோடி. மின்சுற்றும் நிரலும் ஒரே சிப்புக்குள் வந்து சேர்ந்தபோது, இரண்டையும் அறிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். மின்பொறியியலுக்குள்ளிருந்து கணினிப் பொறியியல் தனிப் படிப்பாகப் பிரிந்தது இதனால்தான். மாமா சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஓடுவதும் இந்தச் சிப்களின் மேல்தான். அவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை அவளிடம் விட்டுவிடாதீர்கள், அது பெற்றவர்கள் பேச வேண்டிய பேச்சு.

மொபைல் செயலி, இணையதளம், தரவு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது சிப் வெரிஃபிகேஷன், அதாவது சிப்பின் வடிவமைப்பைத் தயாரிப்புக்கு முன்பே சோதிக்கும் வேலை. பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு சிப்பை வடிவமைப்பவர்கள் அதை வெரிலாக் போன்ற, மின்சுற்றை விவரிக்கும் மொழியில் எழுதுகிறார்கள். தொழிற்சாலைக்கு அனுப்பி, சிலிக்கானில் அச்சாகி வந்துவிட்டால் பெரும்பாலான பிழைகளைத் திருத்த வழியில்லை. மென்பொருளைப் போல நாளைக்கு அப்டேட் அனுப்ப முடியாது. 1994இல் இன்டெலின் பென்டியம் சிப்பில் இப்படித்தான் ஆனது. வகுத்தல் செய்யும் பகுதி பார்த்துக்கொள்ளும் ஓர் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. சில எண்களை வகுத்தால் மட்டும் விடை தவறும். தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண் கணக்குகளைப் போடும்போது கண்டுபிடித்தார். சிப்களை மாற்றித் தருவதற்காக நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட ஐந்து இடங்களை முன்கூட்டியே தேடிப் பிடிப்பதுதான் வெரிஃபிகேஷன் பொறியாளரின் வேலை. வடிவமைப்பைச் சுற்றி டெஸ்ட் பெஞ்ச் என்னும் சோதனை நிரலை எழுதுவார். லட்சக்கணக்கான உள்ளீடுகளைத் தாறுமாறாக, ஆனால் விதிக்குள் நின்று, செலுத்துவார். வர வேண்டிய விடை என்ன என்பதைத் தனியாக எழுதிய மாதிரியோடு ஒப்பிடுவார். எந்தெந்த நிலைகளைச் சோதித்தாயிற்று, எவை விட்டுப்போயின என்று கவரேஜ் கணக்கு வைப்பார். சில பகுதிகளில் சோதனை போதாது. பிழையே இருக்க முடியாது என்று கணித முறையில் நிரூபிக்க வேண்டும். நிரலும் வேண்டும், மின்சுற்றும் வேண்டும், சந்தேகப்படும் குணமும் வேண்டும். பல சிப் திட்டங்களில் வடிவமைப்பைவிட அதிக உழைப்பு இதற்குத்தான் போகிறது. அப்புறம், சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன்: தொழிற்சாலைக்கு அனுப்பும் தேதி நெருங்கினால் வேலை அழுத்தும். வேலைவாய்ப்புகள் சில நகரங்களில் குவிந்திருக்கும், எனவே ஊர் மாற மனம் வேண்டும்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்கக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டாம். வெரிலாக்கில் எழுதியதைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஒரு சிப் எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு யாரும் படிக்கத் திறந்திருக்கிறது. முதலில் ஒரு சின்ன கூட்டல் சுற்றை எழுதி, அதில் தானே பிழை கண்டுபிடிக்கப் பார்க்கட்டும். சில வாரம் செய்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். சலித்துப்போனால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். என் யோசனைக்காக அவளை இதில் தள்ள வேண்டாம்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயர்பெற்ற கல்லூரி என்பதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். மொத்தக் கல்விக் கடன் அவளுடைய முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சம்பளத்தைக் கணக்கிடும்போது கல்லூரி விளம்பரம் செய்யும் உச்ச சம்பளத்தைப் பார்க்காதீர்கள். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாடத்திட்டத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள். டிஜிட்டல் லாஜிக், கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், உட்பொதி அமைப்புகள் நான்கும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் எஃப்பிஜிஏ பலகைகள் (எழுதிய மின்சுற்றை ஏற்றி இயக்கிப் பார்க்க உதவும் பலகைகள்) மாணவர் கைக்கு வருகின்றனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று இப்போது அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.